சாலைச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு?

ஒரு வட்டார நெடுஞ்சாலை பல எல்லைகளைக் கடந்து செல்கிறது. ஊராட்சியின் எல்லையில் தொடங்கி, நகராட்சியின் கடைத்தெருவை ஊடறுத்து, மாவட்டத்தைத் தாண்டி, மாநில எல்லையிலுள்ள துறைமுகத்தையோ ரயில் நிலையத்தையோ சென்றடைகிறது. அதில் ஓடும் லாரிக்கு இந்த எல்லைகள் தெரிவதில்லை. சாலைக்கான பணமோ ஒவ்வோர் எல்லையிலும் நின்று, ‘இதற்கு மேல் யாருடைய பொறுப்பு?’ என்று கேட்கிறது. இக்கேள்விக்கு உரிய காலத்தில் விடை கிடைக்காதபோது, ஐம்பது கிலோமீட்டர் சாலை முடிந்திருந்தும் ஒரு பாலத்துக்காகவோ, இடம் மாற்றப்படாத ஒரு குடிநீர்க் குழாய்க்காகவோ முழு முதலீடும் பயனற்றுக் கிடக்கிறது. எனவே செலவைப் பங்கிடும் முறை என்பது கணக்கர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியன்று. சாலை உருவாகுமா, உருவாகாதா என்பதையே முடிவு செய்யும் அடிப்படைக் கூறு அதுவாகும்.

நம் நாட்டின் மொத்தச் சாலை நீளம் ஏறத்தாழ 63 லட்சம் கி.மீ. இதில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 1.46 லட்சம் கி.மீ.; அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கை ஒட்டிய அளவே. ஆயினும் மொத்தச் சாலைப் போக்குவரத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தை இவை தாங்குகின்றன. மீதமுள்ள மாநில நெடுஞ்சாலைகளும் மாவட்ட, ஊராட்சி, நகரச் சாலைகளும் மாநில அரசுகள், உள்ளாட்சிகள் ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளன. இவ்விரு தொகுதிகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. கிளைச் சாலை சீர்கெட்டால் பெருஞ்சாலைக்குச் சரக்கு வந்து சேராது. பெருஞ்சாலை இல்லையேல் கிளைச் சாலையில் வந்த சரக்கு சந்தையை அடையாது.

ஜெயகர் குழு காட்டிய வழி

செலவுப் பங்கீடு பற்றிய சிந்தனை நாட்டு விடுதலைக்கு முந்தியது. 1882-ஆம் ஆண்டு ரிப்பன் பிரபுவின் தல சுயாட்சித் தீர்மானத்திற்குப் பின், உள்ளூர்ச் சாலைகள் பெரும்பாலும் தல ஸ்தாபனங்களின் பராமரிப்பில் இருந்தன. மாட்டு வண்டிகளின் காலத்தில் இந்த ஏற்பாடு ஒருவாறு பொருந்தியது. வண்டி சுற்றிய எல்லையும் வரி செலுத்தியவர் வாழ்ந்த எல்லையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் வாகனங்கள் பெருகியதும் இந்த ஒற்றுமை குலைந்தது. தொலைவிலிருந்து வரும் வாகனம் சாலையைத் தேய்த்துச் சென்றது. பழுது பார்க்கும் செலவோ உள்ளூர் மக்கள் மீது விழுந்தது.

இந்நிலையை ஆராய 1927-இல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1928-இல் அது அளித்த அறிக்கை, சாலை மேம்பாடு மாகாண அரசுகளும் தல ஸ்தாபனங்களும் தனித்துத் தாங்கும் சுமையைக் கடந்துவிட்டது என்றும், அதனை நாட்டு நலனுக்குரிய பொருளாகக் கருத வேண்டும் என்றும் எடுத்துக்காட்டியது. பெட்ரோல் மீது கூடுதல் வரி விதித்து, அதனைச் சாலைகளுக்கே செலவிட வேண்டும் என்ற பரிந்துரையின் விளைவாக 1929-இல் மத்திய சாலை நிதி தோன்றியது. நிதியின் பெரும்பகுதி, பெட்ரோல் நுகர்வின் அளவை ஒட்டி மாகாணங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. சாலையைப் பயன்படுத்துவோர் எரிபொருள் வழியே விலை கொடுக்கின்றனர். அவ்விலை அவர்கள் பயன்படுத்திய இடத்துக்கே திரும்புகிறது. இந்த எளிய தத்துவம் இன்றளவும் பங்கீட்டு விதிகளில் ஒரு பகுதியாக நிலைத்துள்ளது.

சென்னை மாகாணத்தில் 1931-ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டம் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டது. தல ஸ்தாபனங்கள் தத்தம் எல்லையில் வசூலித்துவந்த சுங்கம் அகற்றப்பட்டு, மாகாணம் முழுவதற்கும் பொதுவான வாகன வரி வந்தது. இழந்த வருவாய்க்கு ஈடாகத் தல ஸ்தாபனங்களுக்கு இழப்பீடு வழங்க வகை செய்யப்பட்டது. வரி விதிக்கும் அதிகாரம் மேலே செல்லும்போது, வருவாயில் உரிய பங்கு கீழே இறங்க வேண்டும் என்ற நெறி அதில் அடங்கியிருந்தது.

அரசியலமைப்பில் சாலைகள்

1943 டிசம்பரில் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர் மாநாடு, சாலைகளைத் தேசிய, மாகாண நெடுஞ்சாலைகள், பெரிய மாவட்டச் சாலைகள், இதர மாவட்டச் சாலைகள், கிராமச் சாலைகள் என வகுத்தது. இவ்வகைப்பாடு பொறியியலுக்கு மட்டும் உரியதன்று. எந்தச் சாலைக்கு யார் செலவிடுவது என்ற நிதி வகைப்பாடாகவும் அது அமைந்தது. தேசிய நெடுஞ்சாலைகளின் நிதிப் பொறுப்பை மத்திய அரசு 1947 ஏப்ரல் முதல் ஏற்றது. பின்னர் 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் இதற்கு நிலையான வடிவம் தந்தது.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், நாடாளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்படும் தேசிய நெடுஞ்சாலைகள் மத்தியப் பட்டியலின் 23-ஆம் இனமாக உள்ளன. ஏனைய சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலின் 13-ஆம் இனத்தில் அடங்கும். வாகன வரியும் சுங்கமும் மாநிலப் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளன. 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஒப்படைக்கத்தக்க பணிகளில் சாலைகளும் பாலங்களும் சேர்க்கப்பட்டன. ஆனால் பணி கீழே இறங்கிய அளவுக்கு வரி வருவாய் இறங்கவில்லை. இந்த இடைவெளியே பங்கீட்டுச் சிக்கல்களின் ஊற்றுக்கண் எனலாம்.

மூன்று அளவுகோல்கள்

கூட்டுச் செலவைப் பிரிப்பதற்குப் பொருளியல் மூன்று அளவுகோல்களைத் தருகிறது. முதலாவது பயன். சாலையால் யார் எவ்வளவு நன்மை அடைகின்றனரோ அந்த அளவுக்கு அவர்கள் செலவை ஏற்க வேண்டும். கடந்து செல்லும் வாகனங்கள் மிகுந்த சாலைக்கு மேல்நிலை அரசு கூடுதலாகத் தர வேண்டும் என்பதற்கு இதுவே நியாயம். பயனின் ஒரு பகுதி தன் எல்லைக்கு வெளியே சென்றால், எந்த உள்ளாட்சியும் தேவைக்குக் குறைவாகவே செலவிடும். அக்குறையை ஈடு செய்வதே மானியத்தின் நோக்கம்.

இரண்டாவது தாங்கும் திறன். மலை மாநிலத்தில் ஒரு கிலோமீட்டர் சாலைக்கு ஆகும் செலவு மிகுதி. அம்மாநிலத்தின் வரி வருவாயோ குறைவு. இருவருக்கும் ஒரே விகிதம் என்பது ஏட்டில் சமமாகத் தோன்றினாலும், நடைமுறையில் ஏழை மாநிலத்தைத் திட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும். தன் பங்கை வைக்க முடியாதவருக்கு மானியமும் கிடைப்பதில்லை.

மூன்றாவது கட்டுப்பாடு. எந்தச் செலவின் ஏற்ற இறக்கம் யார் கையில் உள்ளதோ, அச்செலவை அவர் ஏற்பதே சிக்கனத்துக்கு வழி. முழுச் செலவையும் மற்றவர் தருவதாயின், சாலையின் நீளத்தையும் அகலத்தையும் குறைக்க எவரும் முன்வர மாட்டார்கள். இம்மூன்று அளவுகோல்களும் ஒரே விடையைத் தருவது அரிது. ஆகவே நடைமுறை விதிகள் யாவும் இவற்றிடையே காணப்பட்ட சமரசங்களே ஆகும்.

நடைமுறை விதிகள்

2000-ஆம் ஆண்டு மத்திய சாலை நிதிச் சட்டம், பெட்ரோல், டீசல் மீதான செஸ் எனப்படும் மேல்வரியைப் பங்கிட ஒரு விரிவான விதியைத் தந்தது. டீசல் மேல்வரியில் பாதி கிராமச் சாலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. டீசலின் மறுபாதியையும் பெட்ரோல் மேல்வரி முழுவதையும் சேர்த்து, 57.5 சதவீதம் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும், 12.5 சதவீதம் ரயில்வே மேம்பாலங்கள் போன்ற பாதுகாப்புப் பணிகளுக்கும், 30 சதவீதம் மாநிலச் சாலைகளுக்கும் பிரிக்கப்பட்டன. மாநிலச் சாலைப் பங்கில் பத்தில் ஒரு பகுதி, மாநிலங்களை இணைக்கும் சாலைகளுக்கும் பொருளாதார முக்கியத்துவமுள்ள சாலைகளுக்கும் தனியே வைக்கப்பட்டது. முன்னதற்கு முழுச் செலவையும் மத்திய அரசு ஏற்றது. பின்னதற்குப் பாதியை மட்டுமே ஏற்றது. இரு மாநிலங்களுக்கிடையே உள்ள பாலத்தில் தனக்குரிய ஆதாயம் இது என்று எந்த மாநிலமும் உறுதியாகக் கூற இயலாது. பொருளாதாரச் சாலையிலோ மாநிலத்துக்கு நேரடி ஆதாயம் உண்டு. இவ்வேறுபாட்டின் காரணம் இதுவே.

மாநிலங்களிடையே இந்நிதியைப் பிரிப்பதில் முதலில் எரிபொருள் நுகர்வுக்கு 60 சதவீதமும் நிலப்பரப்புக்கு 40 சதவீதமும் மதிப்பு தரப்பட்டது. பின்னர் அது முறையே 30, 70 என மாற்றப்பட்டது. நுகர்வுக்கு மதிப்பு மிகுந்தால் வாகனங்கள் நிறைந்த வளர்ந்த மாநிலங்கள் பயனடையும். பரப்புக்கு மதிப்பு மிகுந்தால் பரந்து கிடக்கும் பின்தங்கிய மாநிலங்கள் பயனடையும். ஜெயகர் காலத்துப் பயன் அளவுகோலிலிருந்து தேவை அளவுகோலை நோக்கி விதி நகர்ந்ததை இம்மாற்றம் காட்டுகிறது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்நிதி ‘மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி’ எனப் பெயர் மாறியது. துறைவாரிப் பங்கை முடிவு செய்யும் பொறுப்பு நிதியமைச்சர் தலைமையிலான குழுவிடம் சென்றது. மேல்வரியின் வருவாய் அரசியலமைப்பின் 270-ஆம் பிரிவின்கீழ் மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ளும் வரித்தொகுப்பில் சேர்வதில்லை. ஆதலால் அதன் பங்கீட்டு விதியை மாநிலங்கள் கூர்ந்து நோக்குவது இயல்பே.

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் வரலாறு மற்றொரு பாடம். 2000 டிசம்பர் 25-இல் தொடங்கியபோது கட்டுமானச் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்றது. பதினான்காவது நிதிக்குழு, வரித்தொகுப்பில் மாநிலங்களின் பங்கை 32-இலிருந்து 42 சதவீதமாக உயர்த்தியது. அதைத் தொடர்ந்து, 2015-16 முதல் சாலைத் திட்டத்தின் விகிதம் 60:40 ஆயிற்று. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு அது 90:10. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்தில், 62,500 கி.மீ. சாலைகளுக்கான ரூ. 70,125 கோடியில் மத்திய அரசின் பங்கு ரூ. 49,087.50 கோடி, மாநிலங்களின் பங்கு ரூ. 21,037.50 கோடி. மொத்தத்தில் 70:30 என்று தெரிவது, இருவகை விகிதங்களும் கலந்ததன் விளைவாகும்.

எனினும் ஏட்டிலுள்ள விகிதம் முழு உண்மையைக் கூறுவதில்லை. இத்திட்டத்தில் நிலம் தேடித் தருவது மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு மத்திய நிதி இல்லை. ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டைத் தாண்டினால் கூடுதல் தொகையையும் மாநிலமே தர வேண்டும். முடிந்த சாலையின் ஐந்தாண்டுப் பராமரிப்பும் மாநில நிதியிலிருந்தே நடைபெறுகிறது. இவற்றைக் கூட்டினால் 40 என்பது உண்மையில் 40-க்கு மேற்பட்ட சுமையாகும். திட்ட அறிக்கையைப் படிக்கும் மாணவரும் அலுவலரும் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளுதல் நலம்.

நிலத்தின் விலை

கடந்த பத்தாண்டுகளில் பங்கீட்டு விவாதத்தின் மையம் கட்டுமானத்திலிருந்து நிலத்துக்கு மாறியுள்ளது. 2013-ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள், 2015 ஜனவரி முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்தின. சந்தை மதிப்பின்மீது நூறு சதவீத ஆறுதல் தொகை, ஊர்ப்புறங்களில் மதிப்பைப் பெருக்கும் காரணி ஆகியவற்றால் நில உரிமையாளர் முன்னைவிட நியாயமான தொகை பெற்றனர். அதே வேளையில் திட்டச் செலவில் நிலத்தின் பங்கும் பெரிதும் உயர்ந்தது.

மக்கள் நெருக்கமும் நில விலையும் மிகுந்த கேரளத்தில் இதன் அழுத்தம் முதலில் உணரப்பட்டது. கடற்கரையை ஒட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலப்படுத்த, நிலச் செலவில் 25 சதவீதத்தை ஏற்க 2019-இல் கேரள அரசு இசைந்தது. ரூ. 5,500 கோடிக்கு மேற்பட்ட இத்தொகை, மாநில உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியத்தின் வழியே திரட்டப்பட்டது. பின்னர் இவ்வாரியம் பெறும் கடன்களை மாநிலத்தின் நிகரக் கடன் வரம்புக்குள் சேர்ப்பது குறித்து மத்திய, மாநில அரசுகளிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. கடன் வரம்பு பற்றிய வழக்கு 2023-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. ஒரு சாலைக்குத் தந்த பங்கு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கடன் பெறும் வாய்ப்பைச் சுருக்கக்கூடும் என்பது இதனால் புலனாகிறது.

ஹைதராபாத்தைச் சூழ அமையவிருக்கும் வட்டாரச் சுற்றுச்சாலையின் வடபகுதிக்கு, நிலச் செலவில் பாதியைத் தெலங்கானா அரசு ஏற்பது என்று வகுக்கப்பட்டது. சுற்றுச்சாலையால் அருகிலுள்ள நிலத்தின் மதிப்பு உயரும். அதன்வழி வரும் பத்திரப் பதிவுக் கட்டணமும் சொத்து வரியும் மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் சேரும். எனவே நிலச் செலவில் அவர்கள் பங்கு பெறுவது பயன் அளவுகோலின்படி பொருந்தும். ஆனால் மறுபுறம் ஒரு கேள்வியும் எழுகிறது. நிலத்துக்குப் பாதி தந்தவருக்குச் சுங்க வருவாயில் பங்கு உண்டா? செலவில் கூட்டாளியாகச் சேர்ப்பவர், வருவாயிலும் முடிவெடுப்பதிலும் அவருக்குரிய இடத்தை உடன்படிக்கையிலேயே தெளிவாக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

விகிதத்துக்கும் சுமைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 60 கி.மீ. நீளமுள்ள ஒரு மாநிலச் சாலையை அகலப்படுத்த ரூ. 300 கோடி ஆவதாகக் கொள்வோம். இதில் சாலைக் கட்டுமானம் ரூ. 200 கோடி, ரயில்வே மேம்பாலம் ரூ. 40 கோடி, நிலம் ரூ. 50 கோடி, வழியிலுள்ள ஒரு நகரத்தில் குடிநீர்க் குழாய்களையும் மின்கம்பங்களையும் இடம் மாற்ற ரூ. 10 கோடி. பொருளாதார முக்கியத்துவம் கருதிக் கட்டுமானத்தில் பாதியான ரூ. 100 கோடியை மத்திய அரசு தருகிறது. போக்குவரத்து மிகுந்த கடவுகளுக்கு நெடுங்காலம் வழங்கிவந்த சரிபாதி விதிப்படி மேம்பாலத்துக்கு ரயில்வே ரூ. 20 கோடி தருகிறது. இடமாற்றச் செலவான ரூ. 10 கோடியை நகராட்சி ஏற்க வேண்டும். எஞ்சிய ரூ. 170 கோடி மாநிலத்தின் பங்கு.

நகராட்சியின் பங்கு மொத்தத்தில் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது, பார்வைக்குச் சிறியது. ஆனால் சம்பளமும் மின்கட்டணமும் போக, அந்நகராட்சிக்குப் புதிய பணிகளுக்கென ஆண்டுக்கு ரூ. 4 கோடி மட்டுமே மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், ரூ. 10 கோடி என்பது இரண்டரை ஆண்டுகளின் முழு வளர்ச்சி நிதியாகும். வடிகாலும் பள்ளிக் கட்டடமும் அதுவரை காத்திருக்க வேண்டும். நகராட்சி தயங்குகிறது. குழாய்கள் மாறாததால் ஒப்பந்தக்காரரிடம் இடத்தை ஒப்படைக்க இயலவில்லை. பணி தொடங்க இரண்டு ஆண்டுகள் தாமதமாகி, கட்டுமானச் செலவு 10 சதவீதம், அதாவது ரூ. 20 கோடி உயர்கிறது. மத்திய மானியம் ஒரே அளவில் நிற்பதால் இவ்வுயர்வு முழுவதும் மாநிலத்தின் மேல் விழுகிறது. ரூ. 10 கோடி உரிய காலத்தில் கிடைக்காமையால் ரூ. 20 கோடி கூடுதலாயிற்று.

இதனைத் தவிர்ப்பது கடினமன்று. நகராட்சியின் பங்கை மாநில அரசு முன்பணமாகத் தந்து, பத்து ஆண்டுத் தவணைகளில் ஆண்டுக்கு ரூ. 1 கோடி வீதம் வட்டியின்றி ஈடுசெய்துகொண்டால், நகராட்சியின் பிற பணிகளும் நிற்கா; சாலையும் தடைப்படாது. பங்கின் அளவைவிட, அது செலுத்தப்படும் காலமும் முறையுமே பல வேளைகளில் முதன்மை பெறுகின்றன.

திறப்பு விழாவுக்குப் பின்

பங்கீட்டு உடன்படிக்கைகள் பெரும்பாலும் கட்டுமானத்தோடு முடிந்துவிடுகின்றன. சாலையின் வாழ்வோ அப்போதுதான் தொடங்குகிறது. தேசிய நெடுஞ்சாலைக்குப் புறவழிச்சாலை அமையும்போது, நகருக்குள் செல்லும் பழைய பகுதி ஒருமுறைச் சீரமைப்புடன் மாநிலத்திடம் ஒப்படைக்கப்படுவது வழக்கம். அதன் பின்னர் அச்சாலையின் பராமரிப்பு மாநிலத் துறைக்கோ நகராட்சிக்கோ நிலையான செலவாகிறது. நீண்டதூர லாரிகள் நகரை விட்டு விலகியது ஆதாயமே. ஆயினும் பழைய பாலங்களும் வடிகால்களும் புதிய பொறுப்பாகின்றன. இப்பொறுப்புக்குரிய நிதி ஏற்பாட்டைப் புறவழிச்சாலையின் திட்ட அறிக்கையிலேயே சேர்த்தல் தகும். உள்ளாட்சிகளுக்கான வரிப்பங்கைப் பரிந்துரைக்கும் மாநில நிதிக்குழுக்களும், சாலை நீளத்தையும் அதன் வகையையும் கணக்கில் கொள்ளலாம்.

பணம் வந்து சேரும் காலத்தைச் சீராக்க 2021-இல் மத்திய உதவித் திட்டங்களுக்கு ஒற்றை முனைய வங்கிக் கணக்கு முறை கொண்டுவரப்பட்டது. மத்தியப் பங்கும் மாநிலப் பங்கும் ஒரே கணக்கில் சேர்வதால், எவருடைய பங்கு நிலுவையில் உள்ளது என்பது மறைவதில்லை. பல துறைகளும் உள்ளாட்சிகளும் சேரும் வட்டாரச் சாலைகளுக்கும் இம்முறையை விரிவுபடுத்துவது பயன் தரும்.

நல்ல உடன்படிக்கையின் கூறுகள்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து சில முடிவுகளை வகுக்கலாம். சாலையின் செலவை ஒரே தொகையாகப் பிரிக்காமல், நிலம், கட்டுமானம், பாலம், இடமாற்றம், பராமரிப்பு எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரைக் குறிப்பிட வேண்டும். மதிப்பீடு உயர்ந்தால் உயர்வு எந்த விகிதத்தில் பிரியும் என்பதை முன்னரே எழுத வேண்டும். தாமதத்துக்குக் காரணமானவர் அதன் செலவை ஏற்பது முறை. ஆனால் திறனற்ற சிறிய உள்ளாட்சியைத் தண்டிக்காத வண்ணம் முன்பணமும் தவணையும் அமைய வேண்டும். பங்கு தருவோர் அனைவருக்கும் திட்டக்குழுவில் இடம் இருத்தல் வேண்டும். வருவாய் வரும் சாலையாயின் அதன் பங்கீடும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெயகர் குழு எதிர்கொண்ட கேள்வி இன்றும் மாறவில்லை: பயன் பலருக்கு, சுமை ஒருவருக்கு என்ற நிலையை எப்படி நீக்குவது? ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து வாகனங்களுக்கும் விலைவாசிக்கும் ஏற்ப இதற்குப் புதிய விகிதம் காண வேண்டியுள்ளது. அவ்விகிதம் எதுவாயினும், கடைசிப் பங்காளியான சிறிய ஊராட்சியும் தாங்கக்கூடியதாக அது இருந்தால்தான் சாலை இடையில் நின்றுவிடாமல் ஊர் போய்ச் சேரும்.